அப்பா பாடிய கண்ட்ரி பாட்டு மரபாகுமா?

செம்மண் சாலை:

ஒரு வாரமாக வாரன் வில்லியம்ஸின் கண்ட்ரி பாட்டுகளைத்தான், அதாவது அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த அந்தக் கிட்டார் பாட்டு வகையைத்தான், கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே சுமார் 130 கிலோமீட்டரில் ந்தாரியா என்று ஒரு ஊர் இருக்கிறது. ஜெர்மன் பாதிரிமார் வைத்த பெயர் ஹெர்மன்ஸ்பர்க். அந்த ஊர் அரெர்ண்டே பூர்வகுடிக் குடும்பத்தில் பிறந்தவர் வாரன். அப்பா கஸ் வில்லியம்ஸ் 'கண்ட்ரி எபனி' என்று ஒரு பேண்ட் நடத்தினார், எபனி என்றால் கருங்காலி, பெயரிலேயே நிறத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறியிருக்கிறார் மனிதர். பையன் சின்ன வயதிலேயே அப்பாவின் பேண்டில் கிட்டாரோடு சேர்ந்துவிட்டான். 1998-இல் ஜான் வில்லியம்சன் என்ற வெள்ளைக்காரக் கண்ட்ரி பாடகரோடு சேர்ந்து 'ரெய்னிங் ஆன் தி ராக்' பாடிய பிறகுதான் மகனை நாடு முழுக்கத் தெரிந்தது. அப்பா 2010-இல் காலமானார்.

என் கட்சி இதுதான்: பூர்வகுடிகள் பாடும் கண்ட்ரி அவர்களுடைய மரபு. அமெரிக்காவைப் பார்த்துப் போட்ட வேஷம் இல்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு என்று கைமாறி வருகிற ஒன்றை வேறு எப்படிச் சொல்வது? நேற்று ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வேர்ச்சொல்:

உங்கள் நண்பர் சிரித்ததில் தப்பில்லை.

50,000 ஆண்டுகளுக்கு மேலாக அந்த மண்ணில் இருக்கிற மக்கள். அவர்களிடம் ஒவ்வொரு சுனைக்கும் பாறைக்கும் பாட்டு உண்டு. எந்தத் திசையில் போனால் தண்ணீர் என்பது பாட்டில் இருக்கிறது, இந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்பதும் பாட்டில் இருக்கிறது. 1976-இல் வடக்குப் பிரதேச நில உரிமைச் சட்டம் வந்த பிறகு, இந்தப் பாட்டையும் சடங்கையும் சாட்சியாக வைத்து நிலத்தை மீட்டிருக்கிறார்கள். எந்தப் பாட்டை யார் பாடலாம், யார் காதில் விழக் கூடாது என்பதற்கு அவ்வளவு கறாரான விதிகள். நான் மரபு என்று சொன்னால் அது அதுதான்.

கவ்பாய் தொப்பியும் கிட்டாரில் மூன்று கோர்டும் உடைந்த காதலும் மரபு அல்ல. மாட்டோடு வந்தவன் நிலத்தைப் பிடித்தான், சுனையைப் பிடித்தான், கடைசியில் பறிகொடுத்தவன் வாயில் அவன் பாட்டு. இதைக் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. இழப்பு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பழைய கேசட்:

வேர்ச்சொல் ஐயா, "மாட்டோடு வந்தவன்" சரி. அந்த மாட்டை மேய்த்தது யார்?

வடக்கிலும் நடுப்பகுதியிலும் பண்ணைகளில் குதிரை ஏறி மாடு ஓட்டினவர்களில் பெரும்பகுதி பூர்வகுடி ஆட்கள்தான். பல இடங்களில் கூலி என்று ரொட்டி மாவும் சர்க்கரையும் தேயிலையும் கொஞ்சம் மாட்டிறைச்சியும் கொடுத்ததோடு சரி. 1966 ஆகஸ்டில் வேவ் ஹில் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் 200 குரிஞ்சி மக்கள் வெளியேறியது இந்த வயிற்றெரிச்சலில்தான், பிறகு அது நிலப் போராட்டமாகவே மாறியது. சம கூலித் தீர்ப்பும் 1966-இல்தான் வந்தது, 1968 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, உடனே பல பண்ணைக்காரர்கள் "அவ்வளவு கூலி கொடுத்துக் கட்டாது" என்று குடும்பம் குடும்பமாக வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆக, குதிரை, தூசி, நீண்ட பாதை, வீட்டை விட்டு வந்த துக்கம், எல்லாமே அவர்கள் உடம்பால் அனுபவித்தது. ஹாலிவுட் படம் பார்த்து எடுத்துக்கொண்டது இல்லை. அந்தத் தொப்பியைப் போட அவர்களைவிடத் தகுதியான ஆள் யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இசை எப்படி வந்தது என்பதும் நேரான கதைதான். 1936-இல் டெக்ஸ் மார்ட்டன் என்ற நியூசிலாந்துக்காரர் சிட்னியில் முதல் இசைத்தட்டுகள் பதிவு செய்தார். கையால் சாவி கொடுக்கும் கிராமஃபோனில் அந்தத் தட்டுகள் பண்ணைகளுக்கும் பூர்வகுடிகளை வைத்திருந்த மிஷன் குடியிருப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தன. கூடவே ஊர் ஊராக வரும் கூடார நிகழ்ச்சிகள். மின்சாரம் வேண்டாம், பியானோ வேண்டாம், ஒரு கிட்டார் இருந்தால் போதும், அதை நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டாக அடுத்தவர் கைக்கு மாற்றிக்கொண்டே போகலாம்.

டெசிபல்:

நான் மேடையில் வாசிக்கிறவன், அதனால் இசையாகவே கேட்கிறேன். இதில் பூர்வகுடித்தனம் என்ன இருக்கிறது? ஜி, சி, டி, அதே மூன்று கோர்டு. நடுவில் ஒரு ஸ்டீல் கிட்டார் இழுவை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அமெரிக்காவில் கண்ட்ரியின் தாய்வீடான டென்னஸியா, ந்தாரியாவா என்று உங்களால் சொல்ல முடியுமா? பாடுகிறவரின் தோலை வைத்து இசைக்குப் பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய கேசட்:

ஆங்கிலப் பாட்டு என்றால் சில நேரம் சொல்ல முடியாது, உண்மை. ஆனால் ஐசக் யம்மா என்று ஒருவர் இருந்தார். பிட்ஜன்ஜஜாரா மொழிக்காரர், அவருடைய பேண்டின் பெயரே 'பிட்ஜன்ஜஜாரா கண்ட்ரி பேண்ட்', வாசித்தவர்கள் சொந்த மகன்கள். 1980-இல் ஆலிஸில் 'காமா' என்ற பூர்வகுடி ஒலிபரப்புச் சங்கம் தொடங்கியது, அவர்கள் வெளியிட்ட ஆரம்பகாலக் கேசட்டுகளில் இவர் பாட்டும் உண்டு. அந்த மொழியில் சொல்லின் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். ஆங்கில மெட்டில் தாளத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சொல்லைத் தூவிவிட்டுப் பாட்டைத் தொடங்குவார்களே, அந்த வசதி இங்கே கிடையாது. சொல் தொடங்கும்போதே கனமாக விழுகிறது, அதற்கு ஏற்ப மெட்டு நெளிய வேண்டியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், டென்னஸி அல்ல என்று உங்கள் காலே சொல்லும்.

இன்னொரு சுவாரசியம், அந்த மொழியில் ககர வகையில் ஒன்றுதான், டகர வகையில் ஒன்றுதான், வல்லொலி மெல்லொலி வேறுபாடு பொருளை மாற்றாது. ண, ள மாதிரி நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகளும் உண்டு. நம் எழுத்தில் எழுதினால் ஓரளவு அப்படியே உட்கார்ந்துவிடும்.

குமரிநேசன்:

இதைத்தான் நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!! லெமூரியாவில் இருந்து பிரிந்த

நெறியாளர்:

மேலே உள்ள பதிவின் மீதி (சுமார் 4 பக்கம், 2 வரைபடம்) நீக்கப்பட்டது. குமரிக்கண்டத்துக்கு என்று தனி இழை இருக்கிறது, அங்கே போய் எழுதவும். ஒலி ஒற்றுமை உறவு ஆகாது.

ஆலிஸ் நர்ஸ்:

பெயரே சொல்லும், நான் அந்தப் பக்கம் 6 வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன். இப்போது அடிலெய்டில் இருக்கிறேன். நீங்கள் எல்லாம் பேசுவதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஆலிஸிலிருந்து கிளினிக் வண்டியில் 4 மணி நேரம் போக வேண்டிய ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) போட்டி நடக்கிற வார இறுதிகளில் ராத்திரி ஒரு குடும்ப பேண்ட் வாசிக்கும். லாரியின் பின்தட்டுதான் மேடை. ஜெனரேட்டர் சத்தம் பாட்டைவிடக் கொஞ்சம்தான் கம்மி. ஆம்ப்ளிஃபயருக்குள் செம்மண் தூசி புகுந்து உறுமிக்கொண்டே இருக்கும். பெரியவர் பாடுவார், அவருடைய தம்பி லீட் கிட்டார், அதில் 5 கம்பிதான் இருந்தது, அறுந்த கம்பியை மாற்ற ஆலிஸ் போக வேண்டும். டிரம்ஸில் 11 வயதுப் பையன், கால் பெடலை எட்டாது, அதனால் உட்காரவே மாட்டான், நின்றுகொண்டே வாசிப்பான். நாய்கள் லாரிக்கு அடியில் தூங்கும். சார்லி பிரைட் பாட்டு ஒன்று வந்தால் போதும், கிழவிகள் எழுந்து ஆட ஆரம்பித்துவிடுவார்கள். சார்லி பிரைட் அமெரிக்கக் கறுப்பினத்தவர், அவர் கண்ட்ரி பாடினார் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு பாட்டு 15 நிமிடம்கூடப் போகும், முடிக்க விட மாட்டார்கள்.

அந்தப் பையன் பெரியவருக்கு யார் என்று கேட்டேன். மகன் என்றார். தம்பியிடம் கேட்டேன், அவரும் என் மகன் என்றார். நம்மவர்களுக்கு இது விளங்கும், அப்பாவுடைய அண்ணன் தம்பியும் அப்பாதான், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள் மாதிரிதான். ஆங்கிலத்தில் சொல்லும்போது 'கசின் பிரதர்' என்பார்கள். தாய்மாமன் மட்டும் வேறு முறை. அதனால் 'குடும்ப பேண்ட்' என்றதும் அப்பா, அம்மா, 2 பிள்ளை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பேண்டில் யாராவது இல்லை என்றால் அந்த இடத்தில் நிற்க முறைப்படி ஒருவர் எப்போதும் இருப்பார்.

வேர்ச்சொல்:

நர்ஸக்கா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிழவிகளுக்குத் தெரிந்த பழைய பாட்டு அந்த டிரம்ஸ் பையனுக்குத் தெரியுமா? என் கேள்வி அது ஒன்றுதான்.

ந்தாரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1877-இல் லூத்தரன் மிஷன். கார்ல் ஸ்ட்ரெலோ என்ற பாதிரியார் அரெர்ண்டே புராணங்களையும் பாட்டுகளையும் தொகுதி தொகுதியாக எழுதிவைத்தார், பெரிய உழைப்பு, ஆனால் ஒரு சடங்குக்கும் நேரில் போனதில்லை, பாதிரியாருக்கு ஆகாது என்று. அவர்கள் பாட்டைத் தாளில் ஏற்றிவிட்டு, வாயில் ஜெர்மன் தோத்திரப் பாட்டை ஏற்றினார்கள். அந்தக் காலி இடத்தில்தான் கண்ட்ரி வந்து உட்கார்ந்தது. அனுமதிக்கப்பட்ட இசை அது. எது அனுமதிக்கப்பட்டதோ அதையே நம் மரபு என்று சொல்ல வைப்பதுதான் காலனியாதிக்கத்தின் உச்சம்.

செம்மண் சாலை:

காலி இடம் என்று யார் சொன்னது? அந்தத் தோத்திரப் பாட்டுகளை அரெர்ண்டேயில் பாடிப் பாடி, அந்தப் பக்கத்துப் பெண்கள் குழு 2015-இல் ஜெர்மனிக்கே போய்ப் பாடிவிட்டு வந்தது. ஜெர்மனியில் பலரும் மறந்துபோன பாட்டுகள். நாலு குரல் பிரித்துப் பாடும் பழக்கம் தேவாலயத்தில் வந்தது, அதே காதுதான் கண்ட்ரி பாட்டுக்கும் குரல் சேர்க்கிறது. ஒன்றை வாங்கியதால் மற்றது போயிற்று என்று கணக்குப் போட இது என்ன ஒரே அளவுள்ள பானையா?

வேர்ச்சொல்:

பானை உடைந்தது எப்படி என்பதைத்தான் பேசுகிறேன், அளவைப் பற்றி அல்ல.

பழைய கேசட்:

நடுவிலேயே நிற்கிறோம், கொஞ்சம் கிழக்கே வாருங்கள். நியூ சவுத் வேல்ஸ் கதை வேறு மாதிரி.

ஜிம்மி லிட்டில், 1937-இல் கம்மெரகுஞ்சா மிஷனில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் மேடைக் கலைஞர்கள், பூர்வகுடி நிகழ்ச்சிக் குழு ஒன்றில் ஊர் ஊராகப் போனவர்கள், அம்மா யோடெல் பாடுவார், குரலைச் சட்டென்று மேலும் கீழும் உடைத்துப் பாடும் முறை அது. அவர் பிறந்து 2 வருடத்துக்குள், 1939 பிப்ரவரியில், மிஷன் மேலாளரின் கொடுமை தாங்காமல் அங்கிருந்த மக்கள் ஆற்றைக் கடந்து வெளியேறினார்கள். அந்தச் சூழலில் வளர்ந்த பையன்தான் 1963-இல் 'ராயல் டெலிஃபோன்' என்ற பக்திப் பாட்டில் நாட்டையே தலையாட்ட வைத்தார். வானொலியில் அவர் குரல் ஓடிக்கொண்டிருந்த அந்த வருடம், ஆஸ்திரேலிய மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக்கூடாது என்ற பிரிவு அரசியல் சட்டத்தில் அப்படியே இருந்தது. 1967 வாக்கெடுப்பில்தான் அது போனது, 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு.

அப்புறம் ரோஜர் நாக்ஸ், கமிலராய் பூர்வகுடிப் பாடகர். பிறந்தது 1948-இல் மோரியில், வளர்ந்தது டூமிலா மிஷனில். மோரி எது என்று ஞாபகம் இருக்கிறதா, 1965-இல் சார்ல்ஸ் பெர்கின்ஸ் என்ற பூர்வகுடி மாணவரும் சக மாணவர்களும் பேருந்தில் போய், பூர்வகுடிப் பிள்ளைகளை நீச்சல்குளத்தில் விட மாட்டேன் என்றதை எதிர்த்து நின்றார்களே, அதே மோரி. 80-களின் தொடக்கத்தில் சிறிய விமான விபத்துகளில் சிக்கி, கடுமையான தீக்காயங்களோடு பிழைத்தார் ரோஜர். பிறகும் சிறைகளுக்குப் போய்ப் பாடினார், ஏனென்றால் கேட்க வேண்டிய சனம் அங்கேதான் அதிகம் அடைபட்டுக் கிடந்தது. அவருடைய பேண்டின் பெயர் 'யுராபா'. அதில் வாசித்து வளர்ந்த மகன் படி (Buddy) நாக்ஸ் இப்போது தனிப் பெயர் எடுத்த கிட்டார்காரர்.

டெசிபல்:

படி நாக்ஸ் ப்ளூஸ் வாசிக்கிறவர், கண்ட்ரி இல்லை. நான் கேட்டிருக்கிறேன், பிரமாதமான கை. ஆனால் உங்கள் வாதத்துக்கு அது உதவாது கேசட் அண்ணா. அப்பாவின் பாட்டை மகன் விட்டுவிட்டார். ஐசக் யம்மாவின் மகன் ஃபிராங்க் யம்மாவும் அப்படித்தான், 2010-இல் வந்த 'கண்ட்ரிமேன்' ஆல்பத்தைக் கேளுங்கள், பெயரில்தான் கண்ட்ரி. உள்ளே ஒரு மனிதனும் ஒரு கிட்டாரும், தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும் குரல், அதை எந்தக் கடை அலமாரியில் வைப்பது என்றே தெரியாது. நல்லது என்பது வேறு, மரபு தொடர்கிறது என்பது வேறு.

பழைய கேசட்:

தம்பி, 'கண்ட்ரிமேன்' என்பதை நீங்கள் இசைக்கடைப் பெயராகப் படித்துவிட்டீர்கள். பூர்வகுடி ஆங்கிலத்தில் 'கண்ட்ரி' என்றால் இசை வகை இல்லை, தேசமும் இல்லை. என் மண், என் தண்ணீர், என் மூத்தவர்கள் இருக்கும் இடம், அதற்கு நான் பொறுப்பு, இது எல்லாம் அந்த ஒரு சொல்லில். 'கண்ட்ரிமேன்' என்றால் என் மண்ணுக்காரன், நம்ம ஆள். இந்தச் சொல்லை வாயில் வைத்திருக்கிற மக்களிடம் 'கண்ட்ரி மியூசிக்' என்று ஒன்று வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டென்னஸியின் நாஷ்வில்காரன் வைத்த பெயர், இவர்கள் காதில் வேறு பொருளில் விழுந்திருக்கிறது. தமிழில் சொல்லணும் என்றால் 'நாட்டுப்புறப் பாட்டு' என்பதைவிட 'ஊர்ப்பாட்டு' கொஞ்சம் பக்கத்தில் வரும், அதுவும் முழுசாக வராது.

வேர்ச்சொல்:

சொல் விளையாட்டு. ஆனாலும் நல்ல விளையாட்டு, ஒத்துக்கொள்கிறேன்.

சில்லறைக் கணக்கு:

எல்லோரும் மரபு மரபு என்று உருகுகிறீர்கள், காசு யாருக்குப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே. டாம்வொர்த் நகரத்தில் ஒவ்வொரு ஜனவரியும் பெரிய கண்ட்ரி திருவிழா. 1973-இலிருந்து கோல்டன் கிட்டார் விருது கொடுக்கிறார்கள். டாம்வொர்த் இருப்பதே கமிலராய் மண். மேடையில் யார் முகம் அதிகம்? திருவிழா நடப்பதும் வெள்ளைக்காரர் வந்திறங்கிய ஜனவரி 26-ஐ ஒட்டி, ஆஸ்திரேலிய தினம் என்று ஒரு பக்கம் கொடி ஆட்டுவார்கள், ஆக்கிரமிப்பு தினம் என்று இன்னொரு பக்கம் துக்கம். குடும்ப பேண்ட் என்பது அழகாகத் தெரிகிறது, உண்மையில் மேனேஜரும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, டீசல் காசுக்கு வாசிக்கிறார்கள் என்பதற்கு நாகரிகமான பெயர் அது. குடும்பத்தோடு வாசிப்பது விருப்பமா கட்டாயமா?

அப்புறம் ஒன்று. இந்தக் குடும்பங்களில் பெண்கள் எங்கே? அப்பா, மகன், மாமன், மருமகன், இதே பட்டியல்தான் மேலிருந்து கீழே.

ஆலிஸ் நர்ஸ்:

பெண்கள் எங்கே என்றால், நீங்கள் தேடவில்லை. ஆரியல் ஆண்ட்ரூ. அரெர்ண்டே பெண், 1947-இல் பிறந்தவர். கண்ட்ரி ஆல்பம் வெளியிட்ட முதல் பூர்வகுடிப் பெண், 70-களின் தொடக்கத்திலேயே. 1986-இல் போப் இரண்டாம் ஜான் பால் ஆலிஸுக்கு வந்தபோது 'அமேஸிங் கிரேஸ்' பாட்டைப் பிட்ஜன்ஜஜாராவில் பாடியவர் அவர்தான். மெல்போர்னில் ஹாரி வில்லியம்ஸ், வில்கா வில்லியம்ஸ் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து 'கண்ட்ரி அவுட்காஸ்ட்ஸ்' நடத்தினார்கள், வில்கா துணைக்கு நின்று கை தட்டினவர் இல்லை, முன்னால் நின்று பாடினவர். ஜிம்மி லிட்டிலின் அம்மா யோடெல் பாடினார் என்று கேசட் மேலேயே எழுதியிருக்கிறாரே, அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

காசு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான் பார்த்த பேண்டுக்கு ஜெனரேட்டர் டீசலுக்குத் தொப்பி சுற்றினார்கள். ஆனால் "கட்டாயமா" என்று கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் சித்தப்பா பரிமாறுகிறார், அது விருப்பமா கட்டாயமா?

செம்மண் சாலை:

சில்லறைக் கணக்கு, டாம்வொர்த்தை ஒரே நிறத்தில் பூச வேண்டாம். டிராய் காசர்-டேலி, அம்மா பூர்வகுடி, அப்பா மால்டா வம்சம், கிராஃப்டன் ஊர்க்காரர், சின்னப் பையனாக அதே டாம்வொர்த் தெருவில் பாடிக் காசு சேர்த்தவர். இன்றைக்கு அதிக கோல்டன் கிட்டார் வாங்கியவர்கள் வரிசையில் அவர் பெயர் மேலே இருக்கிறது. ஸ்லிம் டஸ்டியையும் மறக்கக் கூடாது, வெள்ளைக்காரர்தான், ஆனால் மனைவி ஜாய் மெக்கீனோடும் பிள்ளைகளோடும் வண்டி கட்டிக்கொண்டு, வேறு யாரும் எட்டிப்பார்க்காத பூர்வகுடி ஊர்களுக்கெல்லாம் போய்ப் பாடினார். அதனால்தான் அவர் பாட்டு அங்கே வீட்டுப் பாட்டாகிவிட்டது.

வேர்ச்சொல்:

இதோ, கடைசியில் வெள்ளைக்காரர் வந்து பாடினார் அதனால் மரபு வந்தது என்று முடிகிறது. நான் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம்.

இன்றைய இளைஞர்களைப் பாருங்கள். பேக்கர் பாய் யொல்ங்கு மொழியில் ராப் பாடுகிறார், 2019-இல் 'ஆண்டின் இளம் ஆஸ்திரேலியர்' விருது வாங்கினார். பிரிக்ஸ், ஜிம்மி லிட்டிலின் அதே யொர்ட்டா யொர்ட்டா மக்கள், அவரும் ராப். கோபத்தை நேராகச் சொல்கிறார்கள், யாருக்கும் இதமாக இருக்க வேண்டும் என்று பாடவில்லை. கண்ட்ரி உண்மையிலேயே மரபு என்றால் ஒரே தலைமுறையில் கழற்றிப் போடுவார்களா?

பழைய கேசட்:

கண்ட்ரி இதமாகத்தான் பாடியது என்று யார் சொன்னது? பாப் ரண்டல், சின்ன வயதிலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்டவர், 1970 வாக்கிலேயே 'மை பிரவுன் ஸ்கின் பேபி' என்று ஒரு தாலாட்டு மாதிரிப் பாட்டில் அதைச் சொல்லிவிட்டார். பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பறித்ததைப் பற்றிய அரசாங்க விசாரணை அறிக்கை வந்தது 1997-இல். நடுவில் 27 வருடம். அவ்வளவு காலம் அந்த உண்மை மூன்று கோர்டில் உயிரோடு இருந்திருக்கிறது, நீங்கள் உடைந்த காதல் என்கிறீர்கள்.

ராப்புக்குப் போவது பற்றி: மேற்கு ஆஸ்திரேலியாவில் ப்ரூம் ஊரில் பிக்ரம் சகோதரர்கள் என்று 7 அண்ணன் தம்பிகள் ஒரே பேண்ட். முத்துக்குளிக்கும் ஊர், யாவுரு பூர்வகுடி மக்களோடு ஜப்பான், மலாய், பிலிப்பைன்ஸ், சீனா எல்லாம் கலந்த ஊர். அந்தச் சகோதரர்களில் சிலர் அதற்கு முன்னால் 'ஸ்கிராப் மெட்டல்' என்ற ராக் பேண்டில் இருந்தார்கள். ராக் முடிந்த பிறகு யுகுலேலியும் மாண்டலினும் எடுத்துக்கொண்டு கண்ட்ரி நாட்டுப்பாட்டுப் பக்கம் திரும்பி வந்தார்கள், 1997-இல் 'சால்ட்வாட்டர் கண்ட்ரி' ஆல்பம். பாட்டில் மாடும் இல்லை குதிரையும் இல்லை, அலையும் மீனும் மாங்குரோவும்தான். போகிறவர்கள் எல்லாம் ஒரே திசையில் போவதில்லை ஐயா.

ஆலிஸ் நர்ஸ்:

வேர்ச்சொல் கேட்ட பழைய கேள்விக்கு, பையனுக்குப் பழைய பாட்டு தெரியுமா என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். அது எனக்குத் தெரியக் கூடாத விஷயம். எந்தச் சடங்குக்கு எந்தப் பையனைக் கூட்டிப்போகிறார்கள் என்று வெளியாளிடம் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்கக் கூடாது என்று முதல் மாதமே ஒரு பாட்டி சொல்லிவிட்டார். அதனால் நமக்குத் தெரியவில்லை என்பதால் அங்கே இல்லை என்று எழுதாதீர்கள்.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அங்கே போன மூன்றாவது வருடம் அந்த லீட் கிட்டார் தம்பி போய்விட்டார், சிறுநீரகக் கோளாறு, அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிற நோய். அன்றோடு பேண்ட் நின்றது. அங்கே இறந்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அதே பெயர் உள்ள மற்றவர்களைக்கூட வேறு சொல்லால்தான் கூப்பிடுவார்கள். அவர் குரல் இருக்கிற பதிவை ரேடியோவில் போட வேண்டாம் என்று குடும்பம் சொல்லி அனுப்பியது. ரேடியோக்காரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துவிட்டார்கள், அவர்களுக்கு இது பழக்கம். ஒரு வருடத்துக்கு மேல் அந்த ஊரில் கிட்டார் சத்தமே கேட்கவில்லை. போட்டி நடந்தது, லாரி வந்தது, யாரும் ஏறவில்லை.

வேர்ச்சொல்:

அக்கா, இதைப் படித்துக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆனால் பாருங்கள், நீங்கள் சொன்னதிலேயே என் வாதம் இருக்கிறது. பாட்டை நிறுத்திய அந்த வழக்கம்தான் மரபு. நிறுத்தப்பட்ட பாட்டு அல்ல.

செம்மண் சாலை:

அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட பாட்டு எப்படி வெளிப் பாட்டாகும்? டென்னஸிக்காரன் செத்தால் அன்றைக்குத்தான் ரேடியோவில் அதிகம் போடுவார்கள். துக்கம் வந்தால் வாயை மூடிக்கொள்கிற கண்ட்ரி இசை உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? அவர்கள் சட்டம் எதை எல்லாம் ஆளுகிறதோ அது அவர்களுடையது.

டெசிபல்:

இது நல்ல அடி. நான் மேலே எழுதிய "தோலை வைத்து" என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். இசையை நோட்டில் மட்டும் தேடினேன். ஜி, சி, டி விஷயத்தில் மாற்றமில்லை.

சில்லறைக் கணக்கு:

டீசல் காசு விஷயத்துக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

வேர்ச்சொல்:

நேற்று ராத்திரி ஃபிராங்க் யம்மாவைக் கேட்டேன், டெசிபல் சொன்ன ஆல்பம். என் கருத்து மாறவில்லை, மரபு என்ற சொல்லை இவ்வளவு சீக்கிரம் தர மாட்டேன், இன்னும் 3 தலைமுறை போகட்டும், அப்போது பேசுவோம். ஆனால் இரண்டாவது தடவையும் கேட்டேன் என்பதை மறைக்கவில்லை.

அக்கா, அந்த டிரம்ஸ் பையன்? துக்கம் முடிந்த பிறகு திரும்ப ஆரம்பித்தார்களா?

ஆலிஸ் நர்ஸ்:

ஆரம்பித்தார்கள். நான் அடிலெய்டு வருவதற்குச் சில மாதம் முன்னால். பெரியவருக்கு முன்னை மாதிரி குரல் இல்லை, உட்கார்ந்துகொண்டுதான் பாடினார். பையன் வளர்ந்து இப்போது பாஸ் கிட்டாருக்குப் போய்விட்டான். டிரம்ஸில் அவனுடைய அக்கா மகன், 7 வயது இருக்கும், அவனும் நின்றுகொண்டுதான் வாசிக்கிறான்.

டெசிபல்:

பாஸ் என்ன மாடல் அக்கா? அந்தத் தூசியில் என்னுடையது 2 நாள் தாங்காது.